குழாய் எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகி எடுத்து, மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தார். மூடி இருந்த இடத்தில் இரண்டு குழாய் செருகிய தக்கையை வைத்து அழுத்தினார். "சின்னவளுக்கு வயித்துக்குக் குடுக்கணும், கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றேன். "பந்தயத்துக்குப் போக மிச்சம் சாயங்காலம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அது அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தோம். வெள்ளிக்கிழமை லிந்துலை தபால் கந்தோரிலிருந்து என் அண்ணன் சூசைரட்ணத்துக்கு டெலிபோன் போட்டேன். அண்ணன் நானுஓயாவுக்கு அப்பால் ஒரு பெரிய தோட்டத்தில் பெரிய கிளாக்கர். எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில் பிட்டராக எஞ்சின் பார்த்த என் வீட்டுக்காரர்தான் அண்ணன் தோட்டத்துச் சின்னத்தொரையின் பந்தயப் பொம்மைப் பிளேனையும் பார்த்துக்கொண்டார். அன்று அவர் பேசியதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"ஹலோ... ஹலோ... கேக்குதுங்க. கந்தோர்தானே? பெரிய கிளாக்கர் ஐயாகிட்ட குடுங்க... தங்கச்சி. லிந்துலையிலேர்ந்து. சிசிலி டீச்சர்னு சொல்லுங்க... வேலையாத்தான் இருப்பாங்க, எனக்குத் தெரியாதா? கூப்பிடுங்க... இது டிரங்க் கோல் தம்பி, லயத்து வாசல்ல நின்னு கூவுற மாதிரி அப்புறம் வந்து கூப்பிட முடியாது... ம்... ம்... நிக்கிறேன்.

"...அண்ணே?... ஆமா, நான்தான்... ஆமா... ஆமா, பிள்ளைங்க இருக்கு. சாப்பிட்டுச்சு... கஞ்சிதான்... நானும் குடிச்சேன்... தூங்குனேன்... அண்ணே, போதும். ஆஸ்பத்திரியில கேக்குற மாதிரி வரிசையாக் கேக்காதீங்க. நான் ஒரு விசயத்துக்காக எடுத்தேன்.

"மீனம்மா இப்பத்தான் வந்துட்டுப் போறா... எந்த மீனம்மாவா? சோலைமலை பொண்டாட்டி. எங்க தேயிலை ஸ்டோர்ல அவருக்குக் கீழ எஞ்சின் துடைக்கிறானே, சோலைமலை. அடக்கத்தன்னைக்குக்கூட நீங்க அவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நின்னீங்க... அவன்தான். மாசமா இருக்கா அவ. வயித்தப் பிடிச்சிக்கிட்டு அந்தக் குறுக்குப் பாதையில ஏறி வந்திருக்கா. வந்து வாசப்படியில உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல.

"ஞாயித்துக்கிழமை பந்தயமாமே?... என்ன 'எந்தப் பந்தயம்'? மறைக்காதீங்க அண்ணே. நின்னுபோன பந்தயம். அதைத் திரும்ப வைக்கிறாங்களாம். அதே மைதானம், அதே பொம்மைப் பிளேன். ஒடைஞ்ச இறக்கையை ஒட்டியாச்சாம். எண்ணெய் ஊத்துறதுக்குச் சோலைமலை வரணும்னு நீங்கதான் ஆள் விட்டீங்களாம்... ஆமாவா இல்லையா?... ம். ஆமா. அதைச் சொல்லுங்க.

"இல்ல... இல்ல, நான் நிப்பாட்டச் சொல்லல. கேளுங்க... அண்ணே, கொஞ்சம் கேளுங்க. தொரைமாரு ஞாயித்துக்கிழமையானா என்னத்த வேணாலும் விடட்டும். பிளேன் விடட்டும், பட்டம் விடட்டும், மைதானம் அவங்களுது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. குழாய் எந்தப் பக்கம் இருக்கு?

"...குழாய்... எண்ணெய் ஊத்துற குழாய். பிளேனு மூக்குக்குப் பின்னால, டேங்க்லேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமே, பித்தளையில, துண்டுப் பென்சில் மாதிரி... அதேதான். வலது பக்கமா இடது பக்கமா?... பாக்கலியா? உங்க கந்தோர் பீரோ மேலதான வச்சிருக்கீங்க? சோலைமலை பார்த்துட்டு வந்துதான் சொல்றான். தலையைத் திருப்புனாத் தெரியும். திருப்புங்க... நான் நிக்கிறேன்...

"...எஸ் சாரா? யாருக்கு எஸ் சார் சொல்றீங்க? நான் சிசிலி பேசுறேன்... ஓ. யாரு, சின்னத்தொரையா?... போயிட்டாரா? சரி. அவரு போனப்புறம் உக்காந்துக்கங்க, நின்னுக்கிட்டே இருக்காதீங்க... ம். பார்த்தீங்களா?... இடதுதான?... இன்னும் இடதுதான்.

"அதை வலது பக்கம் மாத்தச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முந்தி. சோலைமலைக்கு ஈயம் பத்த வைக்கத் தெரியும், அவரு சொல்லிக் குடுத்திருக்காரு. முன்னால அது வலது பக்கம்தான் இருந்துச்சு, ஓட்டைகூட அப்படியேதான் இருக்கும், மெழுகு வச்சு அடைச்சிருப்பாரு. மெழுகைக் குத்தி எடுத்துட்டு, குழாயைத் திருப்பி வைக்கணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் போன்.

"...என்னது?... எனக்கு எதுக்கு இந்தப் பேச்சா?... பொம்பளைக்கு எதுக்கா?

"அண்ணே. மூணு வருசம். மூணு வருசமா எங்க வீட்டுல சோத்துக் கோப்பைக்குப் பக்கத்துல அந்த டேங்குதான் உக்காந்திருந்துச்சு. பிஸ்கட் டின்னை வெட்டி மடிச்சது. வெட்டுனது எதுல? என்னோட தையல் கத்திரியில. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கத்திரி துணி வெட்டாது. மொதல்ல சைக்கிள் வால்வு டியூப்ப மாட்டுனாரு. விளக்கெண்ணெயில கலந்த மண்ணெண்ணெயும் ஈதரும் பட்டு, அது ரத்தம் குடிச்ச அட்டை மாதிரி ஊதிக்கிச்சு. 'சிசிலி, உப்புப் போடு, விழுந்துரும்'னு சிரிக்கிறாரு. அப்புறம் உங்க சின்னத்தொரை கொழும்புலேர்ந்து வேற டியூப் கொண்டாந்தாரு. ஈதர் வாடையில நானும் பிள்ளைங்களும் சாயங்காலமே தூங்கி விழுந்தோம். எனக்கு எதுக்கான்னா கேக்குறீங்க? டேங்குக்கு மூணு குழாய். ஒண்ணு எஞ்சினுக்குப் போறது. ஒண்ணு ஊத்துறது. ஒண்ணு, நிறைஞ்சா வழியிறது. எனக்கு ஜெபமாலை மறந்தாலும் இது மறக்காது.

"...நீங்க பிளேனைப் பத்தித் தெரியாதுங்கிறீங்க. தெரியாதுன்னா கேட்டுக்கங்க. வட்டத்துக்கு நடுவுல ரெண்டு தொரைமாரு நிக்கிறாங்க. ஆளுக்கொரு கைப்பிடி. கைப்பிடியிலேர்ந்து கம்பி, கம்பி நுனியில பிளேன். செக்கு மாடு மாதிரி சுத்திச் சுத்தித்தான் வரும். இடது இறக்கை எப்பவும் தொரைப் பக்கம், வலது இறக்கை வெளிப்பக்கம்... ஆமா. சுத்துற வேகத்துல உள்ள இருக்கிற எண்ணெய்கூட வெளிப்பக்கந்தான் ஒதுங்கும்னு சொல்லுவாரு. எண்ணெய் தீர்ந்தா பிளேன் இறங்கும். வெள்ளைக் கோட்டுக்கு வெளிய ஒரு ஆள் குந்தியிருக்கணும். பிடிக்கணும், ஊத்தணும், விசிறியைத் தட்டணும், விடணும். எவன் சீக்கிரம் விடுறானோ அவன் தொரை ஜெயிப்பாரு. இவரு ஊத்திக்கிட்டிருக்கும்போதும் மத்தத் தொரையோட பிளேன் சுத்திக்கிட்டே இருக்கும், நிக்காது. புரியுதா?... புரியுதுல்ல?

"அதுக்குத்தான் அவரு குழாயை வலது பக்கம் வச்சாரு. கோட்டுக்கு வெளிய குந்திக்கிட்டு இந்தப் பக்கத்துலேர்ந்தே ஊத்தலாம். வழியிறதும் இந்தப் பக்கம், கண்ணுக்கு முன்னால. வழிஞ்சா நிறுத்தணும். தலைய நிமித்துனா வர்ற பிளேன் தெரியும். இடது பக்கம் குழாய் இருந்தா? சொல்லுங்க, இருந்தா ஆள் எங்க போகணும்?... கோட்டுக்கு உள்ள போகணும். உள்ள போயி, வெளிப்பக்கம் பார்த்துக்கிட்டு குந்தணும். அப்ப சுத்தி வர்ற பிளேன் எங்க இருக்கும்? முதுகுக்குப் பின்னால.

"'மாப்ள அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிட்டாரு'ன்னு கல்லறையில வச்சு சாமியார்கிட்ட சொன்னீங்க... சொன்னீங்க. நான் குழிக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன். புருசன் செத்தாக் காதும் போயிருமா?... அவசரமா? பால் பொங்கி அடுப்பு அணையும், அந்த மனுசன் கைய நல்லாத் தொடைச்சிட்டுத்தான் சட்டியைத் தொடுவாரு. அவரா அவசரப்பட்டாரு? அந்தப் பக்கம் போகாம அந்தக் குழாய்க்கு எப்படி ஊத்துறது? வானத்துலேர்ந்து தொங்கிக்கிட்டா?

"...எல்லாரும் சொல்றாங்கன்னா? எந்த எல்லாரும்? மலையெல்லாம் அதான் பேச்சு. 'பிட்டர் பாவம், ஆனா கோட்டைத் தாண்டலாமா?' காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல பேசுறாங்க, கொழுந்து நிறுக்கிற எடத்துல பேசுறாங்க. என் பெரியவன் நேத்து கேக்குறான், 'அப்பா ஏம்மா கோட்டைத் தாண்டுனாங்க'ன்னு. நான் என்ன சொல்லட்டும் அவன்கிட்ட? நீங்க சொல்லுங்க, நீங்கதான தாய்மாமன்."

தபால் கந்தோரில் முத்திரை வாங்க நின்றவர்கள் என் பக்கம் திரும்பியிருந்தார்கள். தபால் மாஸ்டர் குனிந்து, ஏற்கெனவே குத்திய உறையின் மேலேயே திரும்பவும் முத்திரை குத்தினார்.

"...கத்தல. நான் கத்தல அண்ணே. இது என் குரல்தான்... சரி, மெதுவாப் பேசுறேன்.

"சனிக்கிழமை பொழுது சாய, டேங்கைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வந்தாரு. முகமே சரியில்ல. 'குழாயை இடது பக்கம் மாத்தணுமாம்'னாரு. ஏன்னு கேட்டேன். 'மேலிடத்து உத்தரவு'ன்னாரு. அது வேணாமேன்னேன். 'ஒருநாள் கூத்துத்தான, அடுத்த வாரம் திருப்பி வச்சிக்கலாம்'னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. யாரு மேலிடம்னு எனக்குத் தெரியாதா? சின்னத்தொரைதான. வலது பக்கந்தான் சனங்க பார்க்கிற பக்கம். அந்தப் பக்கம் எண்ணெய் வழிஞ்சா பெயின்ட் கெட்டுப் போகும், போட்டோவுல அசிங்கமா விழும். அதுக்குத்தான மாத்தச் சொன்னாரு? அழகு பார்த்திருக்காரு அழகு.

"நீங்க சொல்லப் பயந்தா விடுங்க. நானே போறேன்... பங்களாவுக்குத்தான். சின்னத்தொரை பங்களாவுக்கு. நாளைக்குக் காலையிலே... நாய் கடிச்சாக் கடிக்கட்டும். நான் போயி அவரு முகத்தைப் பார்த்துக் கேப்பேன், 'தொரை, அந்தக் குழாயை எதுக்கு மாத்துனீங்க'ன்னு. இங்கிலீசுலயே கேப்பேன்...

"ஏன்?... ஏன் போகக்கூடாது?... அவருக்குத் தெரியாதா? அவருக்கு எது தெரியாது?... குழாய் மாத்துனதே தெரியாதா? பிளேன் அவருது. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னது அவரு... ம்... பறக்க விடுறது மட்டுந்தான் அவரு. டேங்கு, குழாய் எல்லாம் பிட்டர் பொறுப்பு... சரி. அப்ப சின்னத்தொரை சொல்லல. அப்ப பெரியதொரையா?... அவருமா இல்ல? அப்ப யாரு அண்ணே மேலிடம்? எங்க வீட்டுக்காரருக்கு மேல, தொரைமாருக்குக் கீழ, நடுவுல யாரு இருக்கா...

"...அண்ணே?

"...ஹலோ. கம்பி அறுந்துருச்சா?... இருக்கீங்களா? மூச்சு விடுறது கேக்குது. பேசுங்க.

"...நீங்களா?"

அண்ணன் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அதற்குள் எக்ஸ்சேஞ்சிலிருந்த சிங்களப் பெண் குறுக்கே வந்தாள்.

"...ஔ மிஸ்... ஔ, ஔ. தவ மினித்து துனக் தென்ன... ஸ்தூதி... எக்ஸ்சேஞ்சு. நேரம் முடிஞ்சிருச்சாம், இன்னும் கேட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தைகூட விடாமச் சொல்லுங்க.

"...ம்... மைதானத்துல நாற்காலி போட்டிருந்தீங்க. ம். பெரியதொரையும் தொரைசானியும் மொதல் வரிசை. கொழும்பு விருந்தாளிங்க... ம். அவரு வழக்கமாக் குந்துற எடம் நாற்காலி வரிசைக்கு நேர் முன்னால வந்துருச்சு. கோட்டுக்கு வெளிய குந்துனா முதுகு நாற்காலிப் பக்கம்... ம். எண்ணெய்க் காற்சட்டையோட, தொரைசானிக்கு முன்னால, பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு ஒரு பிட்டர் குந்துறது நல்லா இருக்காது. அதனால அந்தப் பக்கம் போயி, முகத்தை நாற்காலிப் பக்கம் வச்சுக்கிட்டு ஊத்துன்னு சொன்னீங்க. குழாய் இந்தப் பக்கமில்ல இருக்குன்னு அவரு சொல்லியிருக்காரு. 'அப்ப மாத்திக்க'ன்னு சொன்னீங்க.

"அவ்வளவுதானா?

"...பெரியதொரை சொன்னாரா அப்படிக் குந்தக்கூடாதுன்னு?... சொல்லல. தொரைசானி?... சொல்லல. யாராவது, ஒருத்தராவது, ஒரு நாய்க்குட்டியாவது சொல்லுச்சா?... யாரும் சொல்லல. யாரும் சொல்லாம, பெரிய கிளாக்கர் ஐயாவே கண்டுபிடிச்சிருக்கீங்க.

"நாற்காலிக்கு முதுகு காட்டக்கூடாதுன்னு, பறந்து வர்ற பிளேனுக்கு முதுகு காட்ட வச்சீங்களே அண்ணே. அவருக்கு முகத்துக்கு முன்னால என்ன இருந்துச்சு? தொரைசானியோட செருப்பு. பின்னால வர்றது எப்படித் தெரியும்? காத்து அமுக்கி மத்தத் தொரையோட பிளேன் அவரு தலைக்குத் தாழ வந்தப்ப எல்லாரும் சத்தம் போட்டாங்கன்னு சோலைமலை சொன்னான். எஞ்சின் சத்தத்துல அது அவருக்குக் கேக்கல. கண்ணுதான் பார்த்திருக்கணும். கண்ணை நீங்க நாற்காலிப் பக்கம் திருப்பி வச்சிட்டீங்க.

"மரியாதையா? எது மரியாதை? இங்க எங்க ஸ்டோர்ல எங்க பெரியதொரை எஞ்சின் ரூமுக்கு வருவாரு. அப்ப எங்க வீட்டுக்காரரு திரும்பிப் பார்த்து சலாம் போடுவாரா? பெல்ட் ஓடுற எஞ்சினுக்கு முதுகு காட்டுனா கை போயிரும், தொரைக்கே தெரியும் அது. ஒரு தொரையும் அதுக்கு ஒண்ணும் சொன்னதில்ல. எஞ்சின் ரூமுல இல்லாத மரியாதை மைதானத்துல எங்கேர்ந்து வந்துச்சு? நீங்க கொண்டாந்தது அது. வீட்டுலேர்ந்து சட்டைப்பையில போட்டுக் கொண்டாந்தீங்க.

"...அப்பாவை இழுக்காதீங்க... இழுக்காதீங்கன்னு சொன்னேன்... தெரியும். எனக்கும் அம்மா சொல்லியிருக்காங்க. மழையில அப்பா குடையை மடக்கல, ரோட்டை விட்டு இறங்கல, வெள்ளைக்காரத்தொரை பேரை வெட்டி வேலைய விட்டே துரத்திட்டான். சாமான் சட்டியெல்லாம் லயத்து வாசல்ல நனைஞ்சுச்சு. நான் கைப்பிள்ளை. நீங்க பார்த்தீங்க... ஆமா, நீங்க பார்த்தீங்க. நீங்கதான் என்னைத் தூக்கிக்கிட்டு அந்த மழையில நின்னீங்க. நான் மறுக்கல...

"...மாப்ள பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் சொன்னீங்க... ம்... அவருக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னுதான்... சரி. சரி அண்ணே. நம்புறேன். நீங்க நல்லது நினைச்சுத்தான் சொல்லியிருப்பீங்க, அதை நான் நம்புறேன். அதான் எனக்குத் தாங்கல. கெட்டவன் எவனாவது செஞ்சிருந்தா காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்.

"அழாதீங்க... அழாதீங்க, கந்தோர்ல இருக்கீங்க, யாராவது பார்ப்பாங்க... கல்லறையில அழுதீங்க, பார்த்தேன். பெட்டியைத் தூக்குனீங்க, பார்த்தேன். பெட்டியைத் தூக்குன அதே தோளோட போயி சாமியார்கிட்ட 'கோட்டைத் தாண்டிட்டாரு'ன்னீங்க. அன்னைக்கே தெரியும் உங்களுக்கு, அவரு ஏன் தாண்டுனாருன்னு. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்... அழுகையை விடுங்க. எனக்கு இப்ப அழுகை வேணாம். குழாய் வேணும். வலது பக்கம்.

"மாத்தச் சொல்றீங்களா?... ம்... அதான் கேட்டேன், ஆமான்னு சொல்லுங்க... என்ன 'ஆனா'? என்ன ஆனா அண்ணே?... இந்த ஞாயித்துக்கிழமையும் நாற்காலி போடுறீங்களா? அதே எடத்துலயா?... சோலைமலை வலது பக்கம் குந்துனா மறுபடியும் முதுகு...

"மாதாவே. இன்னுமா? ஒரு ஆளு செத்து மண்ணுக்குள்ள போயாச்சு, இன்னுமா நாற்காலி?

"நல்லாக் கேட்டுக்கங்க. குழாய் இடது பக்கமே இருந்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். இந்தக் கறுப்புச் சீலையோட வர்றேன். வந்து அந்தக் கோட்டுக்கு வெளிய, உங்க தொரைசானி நாற்காலிக்கு முன்னால, முதுகைக் காட்டிக்கிட்டுச் சப்பணம் போட்டு உக்காருவேன். பிளேனைப் பார்த்துக்கிட்டு உக்காருவேன். எவன் தூக்குறான்னு பார்ப்போம். நீங்கதான தூக்கணும், நாற்காலிப் பொறுப்பு உங்களுதுதான? வந்து தூக்குங்க, எல்லாரும் பார்க்கட்டும்... வருவேன். நான் சொன்னாச் செய்வேன்னு உங்களுக்குத் தெரியும்.

"...என்ன?... எஸ் சாரா?... யாரு இப்ப? மறுபடி சின்னத்தொரையா?... பெரியதொரையா? உள்ள வந்துட்டாரா? எந்திரிச்சிட்டீங்களா?... வைக்காதீங்க. போனை வைக்காதீங்க அண்ணே. வச்சீங்கன்னா நான் நேரா உங்க கந்தோருக்கே வருவேன்.

"கேளுங்க அவர்கிட்ட. இப்பவே கேளுங்க... எதையா? 'ஞாயித்துக்கிழமை எண்ணெய் ஊத்துற ஆளு நாற்காலிக்கு முதுகு காட்டிக்கிட்டுத்தான் குந்தணும், அப்பத்தான் அவன் உசுருக்குப் பயமில்ல, உங்களுக்கு அதுல ஏதாவது இருக்கா தொரை'ன்னு கேளுங்க... முடியும். ஏன் முடியாது? வாய் இருக்குல்ல?... தங்கச்சி கேக்கச் சொல்றான்னு கேளுங்க. என் பேர்ல கேளுங்க. பேரை வெட்டணும்னா என் பேரை வெட்டட்டும்... அண்ணே, மீனம்மா என் வாசப்படியில உக்காந்திருந்தா அண்ணே. நான் உக்காந்த மாதிரியே அவ உக்காரக்கூடாது. கேளுங்க.

"...ம்... ம்... கேக்குது. நீங்க பேசுறது கேக்குது. போனை அப்படியே பிடிச்சிக்கங்க..."

அண்ணன் இங்கிலீசில் கேட்டார். இடையில் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். பிறகு இன்னொரு குரல், தூரத்தில், ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டே பேசுகிறவருடைய குரல்.

"...கேட்டுச்சு. சொல்ல வேணாம், எனக்குப் புரியும்.

"அவ்வளவுதானா சொன்னாரு?... எந்தப் பக்கம் குந்துனா என்னன்னா?... முகத்தைச் சுளிச்சாரா? கோவப்பட்டாரா?... இல்ல. எதுக்குக் கேக்குறீங்கன்னுகூடக் கேக்கலியா?... அந்த ஆள் அன்னைக்கு எந்தப் பக்கம் குந்துனாருன்னே கவனிக்கலைன்னு சொல்லிட்டு... ம்... ரெயில்வேக்குத் தேயிலைப் பெட்டி போயிருச்சான்னு கேட்டுட்டுப் போயிட்டாரா.

"...ம்.

"...அண்ணே. இதக் கேக்க எவ்வளவு நேரம் ஆச்சு? இருக்கீங்களா?... நீங்க கேட்டு, அவரு சொல்லி, கதவைச் சாத்திட்டுப் போற வரைக்கும் நான் ஒரு பரலோக மந்திரம்கூட முழுசாச் சொல்லியிருக்க முடியாது. போன சனிக்கிழமை கேட்டிருக்கலாம்ல? அதே வாசல்தான. அதே தொரைதான...

"உக்காந்துக்கங்க அண்ணே. அவரு போயிட்டாரு. இன்னும் நின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க? எனக்குத் தெரியும். உக்காருங்க... உக்காந்துட்டு சோலைமலையைக் கூப்பிட்டுவிடுங்க. ஈயமும் பத்தவைக்கிற கோலும் எங்க வீட்டுலதான் இருக்கு, குடுத்து விடுறேன். இன்னொண்ணு. சாமியார்கிட்ட போங்க. கோட்டைத் தாண்டிட்டாருன்னு சொன்ன அதே வாயால, ஏன் தாண்டுனாருன்னும் சொல்லுங்க. என் பெரியவனைக் கூட வச்சிக்கிட்டுச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்லவேண்டியது... என்ன? சத்தமாச் சொல்லுங்க... அண்ணே, விளக்கெண்ணெய்ப் போத்தல் ஒண்ணு மைதானத்துல கிடந்துச்சா? தக்கை போட்ட... ஹலோ... ஹலோ... மிஸ்? மிஸ், தவ பொட்டக்... ஹலோ..."

கம்பி அறுந்துவிட்டது. ரிசீவரைத் தபால் மாஸ்டர்தான் என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீனம்மா வந்தாள். சோலைமலை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, நாற்காலி வரிசைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, வலது பக்கத்துக் குழாயில் எண்ணெய் ஊற்றினானாம். யாரும் அவனைப் பார்க்கவில்லையாம். எல்லோரும் பிளேனைத்தான் பார்த்தார்களாம்.

அண்ணன் அடுத்த வாரம் சாமியாரிடம் போனார். பெரியவனையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

விளக்கெண்ணெய்ப் போத்தல் திரும்பி வரவில்லை. மூடி மாதா படத்துக்குக் கீழே, அவர் வைத்த இடத்தில் இருக்கிறது.